கோழி வேலி தாண்டுதா? வலையை உயர்த்தும் முன் இதைக் கவனிங்க!

சனிக்கிழமை காலை. புறநகரில் ஒரு மனைப்பிரிவு. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினைந்து அடி இடம். சுற்றிலும் நான்கடி உயரத்துக்கு வலை. உள்ளே ஐந்து நாட்டுக்கோழிகள். எட்டு மணிக்கு எண்ணினால் ஐந்து. பத்து மணிக்கு எண்ணினால் நான்கு. பத்தரைக்கு மனைப்பிரிவு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்து விழுகிறது. யாரோ ஆசையாக வளர்த்த கொத்தமல்லித் தொட்டிக்குள் நின்று மண்ணைக் கிளறுகிறது ஒரு பெட்டைக்கோழி. கீழே ஒரே ஒரு கேள்வி: "இது யாரோட கோழி?"

வீட்டிலேயே முட்டை கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பொழுது போகும், சமையலறை மிச்சமும் வீணாகாது என்று கோழி வளர்க்கத் தொடங்கும் பலரும் முதல் சில மாதங்களிலேயே சந்திக்கும் காட்சி இது. உடனே எடுக்கும் முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: "வலையை இன்னும் ரெண்டடி ஏத்திடலாம்."

ஏற்றலாம்தான். ஆனால், கோழி ஏன் வெளியே போகிறது என்று தெரியாமல் ஏற்றினால், அது கேட் இடுக்கு வழியாகப் போகும். அதை அடைத்தால் வலை தளர்ந்த மூலை வழியாகப் போகும். வெளியே காத்திருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் மட்டும் இல்லை. தெருநாய், வேகமாக வரும் வண்டி, எலிக்கு வைத்த விஷம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் முதலில் காரணம், அதற்குப் பிறகு வேலி. இதுதான் சரியான வரிசை.

கோழிக்குப் பறக்கத் தெரியுமா?

தெரியும். நீண்ட தூரம் முடியாது, அவ்வளவுதான். வீட்டுக்கோழியின் முக்கிய மூதாதை, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. பகலில் தரையில் இரை தேடும். ஆபத்து வந்தால் குபீரென மேலே எழும்பும். இரவில் மரக்கிளையில் அடையும். நம் வீட்டுக் கோழியிடமும் இந்த மூன்று பழக்கங்களும் அப்படியே இருக்கின்றன.

எவ்வளவு உயரம் எழும்பும் என்பது உடல் எடையைப் பொறுத்தது. பிராய்லர் கோழிக்கு அதன் எடையே தடை. இரண்டடி எழும்பவே திணறும். வனராஜா போன்ற கனமான இனங்களுக்குப் பெரும்பாலும் நான்கடி வேலி போதும். ஆனால் சிறுவிடை போன்ற எடை குறைந்த நாட்டுக்கோழிகள் ஐந்தடி காம்பவுண்டுச் சுவரை அலட்டிக்கொள்ளாமல் ஏறும். முருங்கை மரத்திலும் ஓட்டுக்கூரையிலும் அவை ஏறி உட்கார்ந்திருப்பதை ஊர்ப்பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். கோழி பெரும்பாலும் வேலியை ஒரே தாவலில் தாண்டுவதில்லை. முதலில் வேலியின் உச்சியில் போய் உட்காரும். இரண்டு பக்கமும் பார்க்கும். பிறகுதான் அந்தப் பக்கம் குதிக்கும். அதாவது, உச்சியில் கால் வைக்க உறுதியான இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே எழும்புகிறது. ஒன்பது அங்குல அகலச் சுவர் அதற்கு நல்ல திண்ணை மாதிரி. வலையின் மேல் விளிம்பில் மூங்கிலோ இரும்புக் குழாயோ கட்டியிருந்தால், நாமே படி போட்டுக் கொடுத்த கதைதான்.

ஊர்ல பாட்டி வேலி இல்லாமதானே வளர்த்தாங்க?

நியாயமான கேள்வி. கிராமத்து வீடுகளில் காலையில் கூட்டைத் திறந்துவிட்டால் கோழிகள் வீட்டைச் சுற்றியும் குப்பைமேட்டிலும் களத்திலும் மேயும். பொழுது சாய்ந்ததும் தானாக வந்து சேரும். அதன் பிறகு பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினால் வேலை முடிந்தது. வேலி கிடையாது.

அவற்றைத் திரும்பி வரவைத்தவை மூன்று. சாயங்காலம் வீசும் ஒரு கை தானியம், பழகிய அடையும் இடம், கூட்டத்தோடு இருக்கும் பாதுகாப்பு. அங்கே கோழிக்கு இடப் பற்றாக்குறையும் இல்லை. இப்போது அதே கோழி, நான்கு பக்கமும் வீடுகள் இருக்கும் ஒன்றரை சென்ட் பின்கட்டில் வளர்கிறது. இங்கே வேலி இல்லாமல் முடியாது. ஆனால் பாட்டி கொடுத்த அந்த மூன்றும் இல்லாமல், வேலி மட்டும் கோழியைப் பிடித்து வைக்காது.

எந்த நேரத்தில் போகிறது? அதில்தான் விடை

லீவு நாளில் அரை மணி நேரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். எந்தக் கோழி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தாண்டுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

• திறந்துவிட்டதும் மொத்தமாக வேலியை நோக்கி ஓடினால்: பசி அல்லது இட நெருக்கடி. உள்ளே புல், பூச்சி எல்லாம் தீர்ந்து வெறும் மண்ணாகிவிட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும் பச்சைதான் அதற்குப் பெரிய ஆசை.

• காலை நேரத்தில் ஒரு பெட்டை மட்டும் தனியாக நழுவினால்: முட்டையிட இடம் தேடுகிறது. கோழிகள் பெரும்பாலும் முற்பகலில்தான் முட்டையிடும். உள்ளே மறைவான இடம் இல்லையென்றால் பக்கத்துக் காலிமனைப் புதரைத் தேர்ந்தெடுக்கும். "கொஞ்ச நாளா முட்டையே இல்ல" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே பத்து முட்டை சேர்ந்திருக்கும். அப்படியே அடைக்கு உட்கார்ந்துவிட்டால் 21 நாள் கழித்துத்தான் குஞ்சுகளோடு திரும்பும். அதற்குள் கீரியோ நாயோ பார்க்காமல் இருந்தால்!

• மாலையில் இருட்டும் நேரத்தில் மேலே தாவினால்: அடைய உயரமான இடம் கேட்கிறது. கூட்டுக்குள் உட்காரும் கம்பு இல்லை, அல்லது வேலி உச்சியைவிடத் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

• தினமும் ஒரே கோழி மட்டும் தாண்டினால்: மற்றவை அதை விரட்டுகின்றனவா என்று பாருங்கள். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எபே 1920களின் தொடக்கத்தில் இதை விளக்கினார். ஆங்கிலத்தில் ஆபீஸ் அதிகார வரிசையைக்கூடச் சொல்லும் 'பெக்கிங் ஆர்டர்' என்ற பெயர் கோழியிடமிருந்து வந்ததுதான். அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் கோழிக்குத் தீனித்தட்டை நெருங்கவே முடியாது. அது தப்பிப்பது பிடிவாதத்தால் இல்லை, பயத்தால். சிறிய இடத்தில் இரண்டு சேவல் இருந்தாலும் இதே கதைதான். தோற்ற சேவல் வெளியேறும்.

• திடீரெனப் பதறிப் பறந்தால்: நாய், பூனை அல்லது பருந்து. பயத்தில் எழும்பும் கோழி, சாதாரணமாகத் தாண்டாத உயரத்தையும் தாண்டும்.

முதலில் உள்ளே சரிசெய்ய வேண்டியவை

இடம்: இரவுக் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 2 முதல் 4 சதுர அடி, பகலில் நடமாடக் குறைந்தது 10 சதுர அடி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டுக்கோழிக்கு எவ்வளவு அதிகம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்து கோழிக்கான இடத்தில் பன்னிரண்டை விட்டால் எந்த வேலியும் நிற்காது.

தீனி: காலை, மாலை இரண்டு வேளையும் ஒரே நேரத்தில் கொடுங்கள். மாலைத் தீனியைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டு, மூன்று இடங்களில் தட்டு வைத்தால் பயந்த கோழியும் சாப்பிடும். அகத்தி, முருங்கைக் கீரை, அசோலா கொடுத்தால் பச்சைக்காக வெளியே அலைவது குறையும். பழைய பானையில் சாணமும் வைக்கோலும் போட்டு, தண்ணீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை கரையான் ஏறியிருக்கும். கோழிக்கு அது விருந்து. (வீட்டுச் சுவரிலிருந்தும் மரச்சாமான்களிலிருந்தும் தள்ளியே கவிழ்க்கவும்!)

முட்டைப் பெட்டி: நான்கைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி போதும். பழைய பழக்கூடை, வாய் அகலமான மண்பானை எதுவும் சரி. உள்ளே வைக்கோல், கொஞ்சம் இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை. இது மூன்றும் முக்கியம். ஒரு பிளாஸ்டிக் முட்டையை உள்ளே போட்டு வைத்தால், "இது பாதுகாப்பான இடம்" என்று புதுப் பெட்டைகளும் பழகிக்கொள்ளும்.

அடையும் கம்பு: ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலமுள்ள கட்டையைக் கூட்டுக்குள் குறுக்கே பொருத்துங்கள். முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டிக்குள்ளேயே தூங்கி, எச்சமிட்டு வைக்கும்.

மண்குளியல்: கோழி காய்ந்த மண்ணில் புரண்டு இறகைச் சுத்தம் செய்யும், பேன் தொல்லை குறைய இது வேண்டும். அதற்கென மணலும் சாம்பலும் கலந்து ஒரு மூலை ஒதுக்குங்கள். இல்லையென்றால் வேலியோரத்திலேயே குழி பறிக்கும். அந்தக் குழியே பிறகு வெளியேறும் வழியாகிவிடும்.

புதுக் கோழி: வாங்கி வந்த அன்றே திறந்துவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. ஒன்று, இரண்டு வாரம் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனி போடுங்கள். 'இதுதான் என் வீடு' என்று பழகிய பிறகு, முதலில் மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். இருட்டப் போகும் நேரம் என்பதால் தானாகவே கூட்டுக்குத் திரும்பும்.

இப்போது வேலிக்கு வருவோம்

உயரம்: எடை குறைந்த நாட்டுக்கோழிக்கு ஆறடி. அவ்வளவு உயர்த்த முடியாவிட்டால் மேலே வலை போட்டு மூடுவதுதான் நிரந்தரத் தீர்வு. நைலான் வலையை இழுத்துக் கட்டினால் பருந்து, காக்காவிடமிருந்து குஞ்சுகளும் தப்பிக்கும். தளர்வாகத் தொங்கவிட்டால் கோழியின் காலும் மற்ற பறவைகளும் சிக்கும்.

உச்சி: வலையின் மேல் விளிம்பில் கட்டை, குழாய் வேண்டாம். கடைசி ஓரடி வலையைத் தொய்வாக உள்பக்கம் சாய்த்து விடுங்கள். கால் ஊன்ற முடியாத இடத்தில் கோழி உட்கார விரும்பாது. சுவராக இருந்தால் அதன் மேல் ஒன்றரை, இரண்டடி வலையை இப்படியே உள்பக்கம் சாய்த்துக் கட்டலாம். கண்ணாடிச் சில்லு, முள்கம்பி வைக்கவே கூடாது. காயம்தான் மிஞ்சும்.

படிக்கட்டுகள்: வேலியோரம் கிடக்கும் துணி துவைக்கும் கல், தண்ணீர் டிரம், செங்கல் அடுக்கு, நிறுத்தி வைத்த பைக் எல்லாமே கோழிக்கு ஏறும் படிதான். மூன்றடி டிரம்மிலிருந்து பார்த்தால் ஆறடி வேலி வெறும் மூன்றடிதான். வேலிக்கு மேல் சாயும் மரக்கிளையையும் வெட்டிவிடுங்கள்.

கண்ணி அளவு: கடையில் 'கோழி வலை' என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய அறுகோண வலை, கோழியை உள்ளே வைக்கும், நாயை வெளியே வைக்காது. வலுவான நாய் அதைப் பிய்த்துவிடும். அதனால் இரவுக் கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் போடுங்கள். மரநாய், பாம்பு எல்லாம் வருவது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான். குஞ்சு இருந்தால் பகல் வேலியிலும் கீழ் இரண்டடிக்குச் சின்னக் கண்ணி வலை வேண்டும்.

அடிப்பகுதி: வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குள் புதைக்கலாம். தோண்ட முடியாத இடத்தில் வலையை வெளிப்பக்கமாக ஓரடி தரையில் படுக்கவைத்து, மேலே கல் வைத்துவிடலாம். வேலியை ஒட்டித் தோண்ட வரும் நாய்க்குக் காலடியில் வலைதான் தட்டுப்படும்.

கேட்: அடியில் மூன்று விரல் இடைவெளி இருந்தாலே இளங்குஞ்சு போய்விடும். பழைய ரப்பர் ஷீட் ஒன்றை ஆணியடித்தால் போதும்.

இறக்கையைக் கத்தரிக்கலாமா?

கத்தரிக்கலாம். சரியாகச் செய்தால் வலிக்காது. நகம் வெட்டுவது போலத்தான். ஒரு பக்க இறக்கையை விரித்துப் பிடித்தால் வெளி ஓரத்தில் நீளமாக இருக்கும் பத்து இறகுகள் தெரியும். அவற்றை மட்டும் பாதி நீளத்துக்கு, மேலே மூடியிருக்கும் குட்டை இறகுகளைத் தொடாமல் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் பறக்கும்போது சமநிலை கிடைக்காது. இரண்டு பக்கமும் வெட்டினால் சில கோழிகள் சமாளித்து எழும்பிவிடும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும். அடித்தண்டு கருநீலமாகத் தெரியும். அதை வெட்டினால் ரத்தம் கொட்டும், தொடவே கூடாது. இரண்டு, இது நிரந்தரமில்லை. ஆண்டுக்கொரு முறை கோழி இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும்போது மறுபடி பறக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். இறக்கை வெட்டிய கோழி எப்படியோ வெளியே போய்விட்டால், நாய் துரத்தும்போது அதனால் சுவரேறித் தப்பிக்க முடியாது. மேலே மூடாத இடத்தில், நாய் உள்ளே வர வாய்ப்பிருந்தால், இறக்கையை விட்டுவிடுவதே நல்லது.

காலில் கயிறு கட்டி விடலாமா என்றால், வேண்டாம். கயிறு இறுகிக் கால் வீங்கும். நாய் வந்தால் ஓடவும் முடியாது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றில் நீண்ட நேரம் கட்டி வைப்பதும், அசையக்கூட இடமில்லாத கூண்டில் அடைப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தப்பிச்சிடுச்சு... எப்படிப் பிடிக்கிறது?

துரத்தாதீர்கள். துரத்தினால் அது இன்னும் தூரம் போகும், அடுத்த முறை உங்களைக் கண்டாலே ஓடும். தினமும் தீனி போடும்போது ஒரே சத்தத்தைப் பழக்குங்கள். "பா... பா..." என்று கூப்பிடலாம், டப்பாவில் அரிசியைப் போட்டுக் குலுக்கலாம். அந்தச் சத்தம் கேட்டால் வரும் கோழியைப் பிடிக்க ஆள் தேவையில்லை.

வரவில்லையா? இருட்டும்வரை கண் வைத்திருங்கள். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. எங்காவது அடைந்த பிறகு, மெதுவாகப் போய் இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துத் தூக்கி வந்துவிடலாம்.

வேறு கோழிகளோடு கலந்திருந்தால், வந்ததும் கூட்டத்தில் விடாமல் சில நாள் தனியே வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். வந்தால் மொத்தக் கூட்டமும் காலியாகலாம். தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால்?

அடுத்தவர் நிலத்தில் புகுந்து மேயும் கால்நடையைப் பட்டியில் அடைக்க 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. அதில் 'கால்நடை' என்பதற்குள் யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு எல்லாம் வரும். கோழி கிடையாது! அதற்காக "சட்டத்துல இல்லையே" என்று வாதாடுவது உதவாது. அவருடைய கீரைப்பாத்தி நாசமானது உண்மை. கோழி வளர்ப்பது குறித்து உங்கள் உள்ளாட்சியிலும் குடியிருப்போர் சங்கத்திலும் என்ன விதி இருக்கிறது என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

மறுபக்கம், கோபத்தில் யாரும் விஷம் வைக்கவும் முடியாது. பிறருடைய விலங்கை விஷம் வைத்தோ வேறு விதத்திலோ கொல்வது, ஊனமாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவின்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். ஆனால் விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனால், அதற்குள் கோழியும் இருக்காது, அக்கம்பக்க உறவும் இருக்காது. செடிக்கு ஆன செலவைக் கொடுத்துவிட்டு, அன்றே ஓட்டையை அடைத்து, கையோடு ஆறு முட்டையையும் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாவற்றையும்விடச் சிக்கனம்.

சுருக்கமாக...

1. எந்தக் கோழி, எப்போது, எங்கே என்று அரை மணி நேரம் கவனியுங்கள்.
2. தீனி, முட்டைப் பெட்டி, அடையும் கம்பு, மண்குளியல் நான்கும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.
3. வேலியோரப் 'படிகளை' அகற்றுங்கள்.
4. அதன் பிறகு வலையை உயர்த்துங்கள் அல்லது மேலே மூடுங்கள்.
5. இறக்கை கத்தரிப்பது கடைசி வழி மட்டுமே.

அந்தக் கொத்தமல்லித் தொட்டிக் கோழிக்கு வருவோம். மற்ற நான்கும் உள்ளே இருக்க, பத்து மணி வாக்கில் தனியாகத் தாண்டிய பெட்டை அது. அப்படியென்றால் அதற்கு ஆறடி வலையைவிட அவசரமாகத் தேவைப்படுவது, இருட்டான ஒரு மூலையில் வைக்கோல் போட்ட பழைய கூடை ஒன்று. முதலில் அதை வைத்துப் பாருங்கள். கூடவே, பக்கத்துக் காலிமனைப் புதரையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். முட்டை இருக்கலாம்.